டிரையருக்கு லைற் பிடித்தவள்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது எனக்கு நடந்தது. மன்னார் ஓலைத்தொடுவாயில், என் சொந்த வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், நான் ஒரு மெஷினைத் திருத்திக்கொண்டிருந்தபோது நடந்தது. யாரோ சொல்லக் கேட்ட கதை இல்லை. சத்தியம் பண்ணச் சொன்னால் பைபிளில் கைவைத்துப் பண்ணுவேன்.

என் பெயர் றோஸ்மேரி. புருஷன் பஸ்ரியனுக்குக் கட்டாரில் வேலை. அந்த மார்கழியில் எங்கள் மகனுக்கு மூன்று மாதம். குறைமாதத்தில் பிறந்தவன். நெஞ்சில் எப்போதும் சளி இரைந்துகொண்டிருக்கும். ஈர உடுப்பு மட்டும் பிள்ளையின் மேலில் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மழையோ விட்டபாடில்லை. அதோடு எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையின் உடுப்பைப் பொழுதுபட்ட பிறகு வெளியே கொடியில் விடமாட்டோம். மேலால் ஒரு பறவை பறந்தாலே பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். இதற்காகத்தான் எருக்கலம்பிட்டி மர்சூக் நானாவிடம் உடுப்புக் காயவைக்கிற டிரையர் ஒன்றை வாங்கினேன். பழைய சாமான்தான். அவர் கொழும்புப் பக்கத்து வீடுகளிலிருந்து ஏற்றிவந்து விற்கிறவர்.

கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு பார்த்தால் மோட்டர் உறுமுகிறது, உள்ளே உருளை சுற்றவில்லை. திருத்துகிறவனைக் கூப்பிட்டால் "நாளைக்கு வாறன்" என்றான். அவனுடைய நாளை வரவே இல்லை. போனில் பஸ்ரியன், "நீ கை வைக்காதை, ஆள் வரட்டும்" என்றார். எனக்கு விசர் பிடித்தது.

"ஆள் வருமட்டும் பிள்ளையை வாழையிலையிலயோ சுத்தி வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

கல்யாணத்துக்கு முன்பே தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டினவள் நான். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பெல்ட் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். மன்னார் டவுனில் அலைந்து திரிந்து ஒரு பெல்ட்டும் வாங்கிவந்துவிட்டேன்.

அன்றைக்கு என் மச்சாள் மாக்கிறட், பஸ்ரியனின் அக்கா, எனக்குத் துணையாக வந்து நிற்பதாக இருந்தது. ஆனால் பேசாலையில் ஒரு செத்தவீடு வந்துவிட்டது. "அடக்கம் முடிஞ்சு நேர வாறன். கிணத்தில தோய்ஞ்சுபோட்டுத்தான் உள்ளுக்கு வருவன். நீ என்னோட கதைக்க வராதை" என்று சொல்லிவிட்டுப் போனார். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எங்கள் வழக்கம் அது. செத்தவீட்டால் வருகிறவர்கள் தலைமுழுகி, கொஞ்சநேரம் வாய்திறக்காமல், யாரையும் தொடாமல் ஒதுங்கி நிற்பார்கள். நாங்களும் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டோம்.

பின்னேரம் ஆறு மணி இருக்கும். மழை இருட்டு. மகன் ஏணைத் தொட்டிலில் நித்திரை. முன் கேற்றைப் பூட்டினேன். டிரையரின் பிளக்கைக் கழற்றி நிலத்தில் போட்டேன். எத்தனை பேர் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்... கழற்றினேன்.

முன் தகட்டை எடுத்துவிட்டு, முழந்தாளில் இருந்து, ஒரு கையைத் தோள்வரை உள்ளே விட்டேன். மற்றக் கையால் பெல்ட்டை இழுக்கவேண்டும். ரோச் லைற் பிடிக்கக் கையில்லை. அதை வாயில் கவ்வினேன். எச்சில் வழிந்ததுதான் மிச்சம். நிலத்தில் துப்பிவிட்டு என்னை நானே ஏசினேன். பெரிய எஞ்சினியர் அம்மா வந்திட்டா!

அப்போது கிணற்றடியில் சத்தம் கேட்டது. வாளி விழுகிற சத்தம். பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம். சளார்... சளார்...

அப்பாடா, மச்சாள் வந்துவிட்டார் என்று நினைத்தேன். பின்பக்கக் கிணற்றடிப் படலையின் கயிற்றை அவிழ்த்து வந்திருப்பார்.

ஈரக் கால்கள் குசினிக்குள் வந்தன. என் முதுகுக்குப் பின்னால் நின்றன. வழக்கம் தெரிந்தவள் நான். திரும்பிப் பார்க்கவில்லை.

"மச்சாள், கீழ கிடக்கிற லைற்றை எடுத்து ஒருக்காப் பிடியுங்கோ."

வெளிச்சம் வந்தது.

நல்ல வெளிச்சம். கொஞ்சமும் ஆடவில்லை. நான் பெல்ட்டைத் தேடினால் பெல்ட்டில் விழுந்தது. சில்லைத் தேடினால் சில்லில் விழுந்தது. நான் வாய் திறக்கமுன்பே விழுந்தது. மச்சாளுக்கு இவ்வளவு விளக்கமா? பல்பு மாற்றவே என்னைக் கூப்பிடுகிறவர்.

புதுப் பெல்ட் சில்லில் சரியாகப் பொருந்தியது. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. "பாத்தீங்களே மச்சாள்! உங்கட தம்பி என்னை என்னெண்டு நினைச்சவர்?"

முழந்தாள் குளிர்ந்தது. கீழே தண்ணீர். அவரின் சேலையிலிருந்து சொட்டிச் சொட்டி என் காலடிக்கு வந்துவிட்டது. ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தது. ஒரு நாற்றம்... எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அப்படி நாற்றம் இல்லை.

"தலையைத் துடைச்சுப்போட்டு வந்திருக்கலாமே..."

வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. பெல்ட்டைத் தாண்டியது. உள்ளே, இன்னும் உள்ளே போய், பின்பக்கத்தில் ஒரு வயரில் நின்றது. உறை கருகிப்போய்ச் செம்புக் கம்பி வெளியே தெரிந்தது.

நல்லகாலம் காட்டினார், இதற்கும் வயரில் ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றவேண்டும் என்று நினைத்தேன். கையை நீட்டினேன்.

"இன்னும் உள்ளுக்கு."

மச்சாளின் குரல் மாதிரித்தான் இருந்தது. மாதிரி...

விரலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு நெல் அளவு.

"றோஸ்மேரீ! கேற்றைத் திறவடி! நனையிறன்!"

வாசலிலிருந்து. மாக்கிறட்.

வாசலிலிருந்து...

என் கை நின்றது.

வெளிச்சம் நிற்கிறது.

கழுத்தில் இன்னொரு சொட்டு.

"இன்னும்... கொஞ்சம்..."

கையை இழுத்தேன். தகட்டில் தோல் கிழிந்தது. திரும்பினேன்.

யாரும் இல்லை.

ரோச் லைற் நான் துப்பிய இடத்திலேயே அணைந்து கிடந்தது.

ஏணைக்கு ஓடினேன். மகனின் மூக்கடியில் விரலை வைத்தேன். மூச்சு வந்தது. மாதாவே! அவனை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் கேற்றுக்கு ஓடினேன். செத்தவீட்டுத் துடக்கு, வழக்கம், ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. கேற்றைத் திறந்ததும் மச்சாளைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதேன்.

அவர்தான் முதலில் குசினிக்குள் போனார். எட்டிப் பார்த்தவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எடியே... பிளக் போட்டெல்லோ கிடக்கு!"

பிளக் சுவரில் இருந்தது. சுவிட்சும் போட்டிருந்தது. நான் முழந்தாளில் இருந்த இடத்தில் தண்ணீர் குளமாக நின்றது. கிணற்றடிப் படலை, நான் காலையில் கட்டிய கயிற்றோடு கட்டினபடியே இருந்தது.

விடிந்ததும் மர்சூக் நானாவுக்குப் போன் எடுத்து வாயில் வந்தபடி ஏசினேன். "வல்லாஹி, எனக்கு ஒண்டும் தெரியாது தங்கச்சி. வத்தளையில சிங்கராசா எண்டவர் தந்த சாமான்" என்று அழாக்குறையாகச் சொல்லி அவருடைய நம்பரைத் தந்தார்.

சிங்கராசா முதலில் பேசவே விரும்பவில்லை. நான் விடவில்லை. பிறகு சொன்னார். அவருடைய மனைவி சிவலட்சுமி அந்த டிரையரைத் தானே திருத்தப்போய், உள்ளே விட்ட கையோடு கரண்ட் அடித்துச் செத்துப்போனாராம்.

"குழந்தை இருக்கிற வீடு இது! விக்கேக்க சொல்லியிருக்க வேண்டாமே?"

"வீட்டில வச்சுப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமப் போச்சு, தங்கச்சி."

அவர் குரல் உடைந்தது. என் கோபமும் அடங்கியது. அந்த மனுசிதான் வந்து நின்றிருக்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

"கரண்ட் அடிக்கேக்க அவ தனியவே நிண்டவ?"

"அதுதான் எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. கொஞ்சத்துக்கு முந்தித்தான் எனக்குப் போன் எடுத்தவ. பயப்பிடாதேங்கோ, அம்மா வந்து லைற் பிடிக்கிறா எண்டு சொன்னவ. மாமி அண்டைக்கு வவுனியாவில. மகளின்ர செத்தவீட்டுக்குத்தான் வந்தவ."

என் குசினியில் சொட்டிய தண்ணீரைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"வேற... ஏதும் சொன்னவவோ?"

"ஓம். அம்மா தலையால தண்ணி ஒழுக ஒழுக நிக்கிறா, துடைக்கத் துவாய் எடுத்துக் குடுக்கவேணும் எண்டு சொன்னவ."

வத்தளையில் அன்றைக்கு ஒரு துளி மழையும் இல்லையாம்.