ஐந்தில் ஒரு பங்கு

இரும்புலியூரில் "அமலராணி வீடு எது?" என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். "பிட்டர் ஏசுபாதம் பொண்ணு, பிசிக்ஸ் டீச்சர்" என்றால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்க அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. ஆராய்ச்சி முடிவதற்கு முன்பே தெரு கொடுத்துவிட்ட பட்டம் அது. கொடுக்கவேண்டியவர்கள் கடைசிவரை கொடுக்கவில்லை.

ஏசுபாதம் தாம்பரம் மின்ரயில் பணிமனையில் பிட்டர் வேலை பார்த்தார். அமலராணி ஒரே மகள். சின்ன வயதில் வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால், யார் உடைத்தது என்று கேட்பதற்குள் "நான்தாம்பா" என்று வந்து நிற்பாள். பாதி நேரம் உடைத்தது அவள் அம்மா செல்லம்மாவாக இருக்கும். "எம் பொண்ணு வாய்ல பொய்யே வராது" என்று ஏசுபாதம் பணிமனை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொள்வதும் ஒருவகைப் பொய்தான் என்று அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? எல்லாரும் சேர்ந்து பாராட்டினார்கள்.

1984-ல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, கிண்டிக்கு அப்பால் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தாள். வழிகாட்டி பேராசிரியர் தோத்தாத்ரி, குரோம்பேட்டைக்காரர். நல்ல மனிதர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாரே தவிர, குரலை உயர்த்தமாட்டார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்று மாணவர்கள் சொல்வார்கள்.

ஆராய்ச்சிப் பொருள், சீரியமும் செம்பும் சிலிக்கனும் சேர்ந்த ஓர் உலோகம். கடுங்குளிரில் அதற்குள் ஓடும் எலெக்ட்ரான்கள், இருக்கிற எடையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கனத்துவிட்டதுபோல நகரும். அது எப்படி என்று அப்பா கேட்டபோது அமலராணி இப்படிச் சொன்னாள்: "காலைல கூட்டத்துல பல்லாவரத்துல இறங்கணும்னு வைங்கப்பா. நீங்க ஒரு ஆளுதான். ஆனா உங்க மேல சாஞ்சிருக்கிற அத்தனை பேரையும் இழுத்துக்கிட்டுதானே நகரணும்? அந்தக் கனம்." தாம்பரத்தில் தினமும் அந்தக் கூட்டத்தைப் பார்த்த ஏசுபாதத்துக்கு இதில் சந்தேகம் எதுவும் எழவில்லை.

அந்த நெரிசலுக்குள் காந்தத்தன்மை ஒளிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று காந்த ஒத்ததிர்வு: பொருளைப் பெரிய காந்தத்துக்கு நடுவில் வைத்து, காயில் என்கிற கம்பிச்சுருள் வழியாக ரேடியோ அலை கொடுத்து, செம்பின் அணுக்கருக்கள் தரும் பதிலைக் கேட்பது. அதற்கான கருவி நிலையத்திலேயே இருந்தது. பாதி வாங்கியது, பாதி இவர்களே கட்டியது. இன்னொன்று மியூவான்: கண் இமைக்கும் நேரம்கூட வாழாத ஒரு துகளைப் பொருளுக்குள் செலுத்துவது. தான் போய் உட்கார்ந்த இடத்தில் காந்தம் இருந்ததா என்பதை அது சாகும்போது காட்டிக்கொடுத்துவிடும். லட்சக்கணக்கில் செலுத்தினால், பொருளில் எத்தனை பங்கு காந்தம் என்று கணக்கே கிடைக்கும். அதற்கு ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் தயவு வேண்டும். எப்போதாவதுதான் அங்கே இடம் கிடைக்கும்.

மியூவானுக்குப் பொருள் நிறைய வேண்டும். அமலராணி ஆர்கான் வாயுவுக்குள் மின்பொறியால் உருக்கி, பட்டன் பட்டனாக ஐந்து செய்தாள். ஐந்தாவதை உருக்கும்போது மே மாதத்து வோல்டேஜ் சட்டென்று இறங்கி, பொறி திணறி அணைந்தது. மறுபடி உருக்கினாள். இந்த உலோகத்தில் செம்பு இம்மி குறைந்தாலும் குணம் மாறிவிடும். இரண்டாம் சூட்டில் கொஞ்சம் செம்பு ஆவியாகப் போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கையிலிருந்த சீரியம் தீர்ந்துவிட்டது. எக்ஸ்ரே சோதனையில் ஐந்தும் ஒன்றுபோலவே தெரிந்தன. தோத்தாத்ரியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். பார்சல் கட்டுகிற அவசரத்தில் விட்டுப்போயிற்று.

பட்டன்கள் விமானம் ஏறிய பிறகு, முதல் நான்கிலிருந்து மட்டும் வெட்டி வைத்திருந்த துண்டுகளைப் பொடியாக்கி, காந்த ஒத்ததிர்வில் பார்த்தாள். குளிர் கூடக் கூடச் செம்பின் பதில் பலமாக வேண்டும். பலமாகிக்கொண்டுதான் வந்தது. ஒரு கட்டத்துக்குக் கீழே குறைய ஆரம்பித்தது.

"காயில்ல ஏதோ ப்ராப்ளம்மா. நம்ம செட்டப் அவ்வளவுதான்" என்றார் தோத்தாத்ரி.

அவளும் அப்படியே நினைத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களோ நன்றாக ஆடிவிட்டும் கூடம் கோணல் என்றார்கள். குறைந்த பகுதியைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

1988-ல் ஐரோப்பாவிலிருந்து முடிவு வந்தது. தோத்தாத்ரி தன் அறையை விட்டு எழுந்து வந்து அவளிடம் சொன்னார்: "அஞ்சுல ஒரு பங்கு காந்தம்மா. மீதி நாலு பங்குல இல்லை. ஒரே பொருளுக்குள்ள ரெண்டும் சேர்ந்து குடியிருக்கு. யாரும் பார்க்காத விஷயம். உன் தீசிஸ் முடிஞ்சதுன்னு வெச்சுக்கோ." அன்று சாயங்காலம் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

அமலராணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து பட்டன். அதில் ஒன்று கெட்டது. இதற்குப் பெயர் கண்டுபிடிப்பா? மைசூர்பாகைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தவளை ஏசுபாதம் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா கண்ணு, மூஞ்சி ஒரு மாரி கீது?"

சொன்னாள். முழுவதும் அவருக்குப் புரிந்ததோ என்னவோ, புரியவேண்டியது புரிந்தது.

"தப்பு உன்னுதா?"

"என்னுதுதாம்பா."

"அப்ப போய் சொல்லிடு. இதுல ரோசனை பண்ண இன்னா கீது?"

மறுநாள் சொன்னாள். தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். "இதை ஏம்மா அப்பவே சொல்லலை?" என்றார். அந்த ஐந்தாவது பட்டனை மட்டும் தனியாக மியூவானில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டவளுக்கு வழக்காட வாய் ஏது? அவருக்கோ தோன்றவே இல்லை. மாதிரியில் பிழை, முடிவைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று ஐரோப்பாவுக்கு எழுதிப்போட்டார். பட்டன்கள் அங்கேயே தங்கிவிட்டன.

தீசிஸின் முதுகெலும்பு போயிற்று. உதவித்தொகைக் காலமும் முடிந்தது. இன்னும் கொஞ்ச காலம் கொடுங்கள் சார் என்று கேட்டாள். "இந்த வேலைக்குக் கேர்ஃபுல்லான கை வேணும்மா" என்றார். மென்மையாகத்தான் சொன்னார். அந்த மென்மை அவளை அறுத்தது. முடிச்சூர் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

"உண்மைய சொன்னதுக்காவ படிப்பையே வுட்டுச்சி எம் பொண்ணு" என்று ஏசுபாதம் டீக்கடை வரைக்கும் சொல்லிவைத்தார். அவளுக்கும் ஒருவித நிம்மதி இருந்தது. தப்பு செய்தேன், அனுபவிக்கிறேன், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஓமின் விதியை நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். வந்த வரன்களில் ஒன்றிரண்டைத் தட்டிக்கழித்தாள். பிறகு வரன் வருவதும் நின்றது. ராத்திரியில் தூக்கம் வந்தது.

1995-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து திரும்பியபோது கிட்டு வாசலில் காத்திருந்தான். நிலையத்தில் அவளுக்கு அடுத்துச் சேர்ந்தவன். இப்போது டாக்டர் பட்டம் வாங்கியவன். கையில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் ஜெராக்ஸ்.

"அக்கா, இதைப் பாருங்க. உங்க உலோகம்தான். வேற நாட்டுக்காரங்க செஞ்சிருக்காங்க. மியூவான்ல ஒரு பங்கு காந்தம், மீதி இல்லைன்னு வந்திருக்கு. கிட்டத்தட்ட உங்க கணக்கேதான்."

"எத்தனை பட்டன் சேர்த்தாங்க?"

"சேர்க்கலைக்கா. ஒரே கட்டி. ரொம்பச் சுத்தமானது."

அவள் நின்றபடியே கட்டுரையைப் புரட்டினாள். "காந்த ஒத்ததிர்வும் பார்த்திருக்காங்களா?"

"பார்த்திருக்காங்க. குளிர்ல சிக்னல் குறையுதாம். காந்தமான இடத்துல இருக்கிற செம்பு, நாம கேட்கிற அலைவரிசையை விட்டே தள்ளிப்போயிடுது. எவ்வளவு குறையுதோ அவ்வளவும் காந்தம்னு அர்த்தம்."

அமலராணி கட்டுரையில் இருந்த வரைபடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். குறைந்ததே. அவள் கருவியிலும் குறைந்ததே. நல்ல பட்டன்கள் நான்கிலிருந்து எடுத்த பொடி அது; ஐந்தாவதின் தூசிகூட அதில் கிடையாது. காந்தம் எல்லாவற்றிலும் இருந்திருக்கிறது. உலோகம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. காயில் சரியில்லை என்று சொன்னவர்கள் இவர்கள்தான்.

அன்று மாலையே குரோம்பேட்டைக்குப் போனாள். தோத்தாத்ரி ஓய்வு பெற்றிருந்தார். கட்டுரையை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"காயில் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

"ஆமா சார்."

"உன் கையும்."

அவள் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்ததைக் கேட்டாள். "நான் சொன்னதும் ஏன் சார் உடனே நம்பினீங்க? ஒரு தடவை சரிபார்த்திருக்கலாமே?"

தோத்தாத்ரி நிமிரவில்லை. "வெள்ளைக்காரன் யாராவது உன் பொருள்ல தப்புன்னு எழுதியிருந்தா, ப்ரூவ் பண்ணுன்னு சண்டை போட்டிருப்பேம்மா. நம்ம லேப்ல, நம்ம பொண்ணே வந்து தப்புன்னு சொன்னா, இருக்கும்னுதான் தோணித்து. நமக்கு வேற என்ன வரும்னு." அவர் மனைவி பட்டு கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போயிற்று.

வீடு திரும்பி அப்பாவிடம் சொன்னாள். ஏசுபாதத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப உம்மேல தப்பே இல்லியா? நல்ல சேதி சொன்ன கண்ணு. ஏன் அழுவுற? வெளிநாட்டுக்காரனுங்களே சொல்லிட்டானுங்களே."

"தப்பு என்னுதாவே இருந்திருக்கலாம்பா" என்றாள். "அப்படி நெனச்சுத்தான் இத்தனை வருஷம் இருந்தேன். இப்ப எதுக்காக எல்லாம் போச்சுன்னு சொல்லுவேன்?"

டீக்கடையில் இனி எதைச் சொல்வது என்று யோசித்தாரோ என்னவோ, ஏசுபாதத்தின் முகம் மெல்ல இறுகியது.

"போய் சொல்லிடுன்னு அன்னிக்கி சொன்னது நான்தான கண்ணு" என்றார் கடைசியில். "தப்பு என்னுதுதான்."

அமலராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவிடம் அவளுக்குக் குரல் உயர்ந்தது.

"போதும்பா. நீங்களும் ஆரம்பிக்காதீங்க."