ஒரு போசி மாவும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வீட்டில் புதுசாக வாங்கின பொருள் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. பிரிட்ஜ் பழசு, கட்டில் பழசு, இறக்கத்தில் மட்டும் ஒழுங்காக ஓடுகிற ஸ்கூட்டரும் பழசு. கேட்டால், "பழைய செருப்புத்தான் கண்ணு கடிக்காது" என்பார். அத்தை உள்ளேயிருந்து, "கடிக்காது, ஆனா பாதி வழியில வாரு அறுந்துரும்" என்று குரல் கொடுப்பாள். இரண்டுமே உண்மை என்று நான் தெரிந்துகொள்ள ஒரு கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா மலைமேல் கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் நான் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை ஏற்றி வைத்திருந்தேன். மலைப்பாதை, பக்கத்தில் பாதாளம், வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்க வேண்டும். என் பஸ் நேர் ரோட்டில் நன்றாகத்தான் போகும். வளைவு வந்தால் மட்டும் படம் அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது பஸ் பள்ளத்தில் மல்லாந்து கிடக்கும். அம்மா அடுப்படியிலிருந்து, "ஏங்கண்ணு, இன்னிக்கு எத்தன பேரக் கொன்ன?" என்று விசாரிப்பாள்.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வாத்தியார்தான் சொன்னார், அதற்கு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்று. படத்தை மட்டும் கவனித்துக்கொள்ளப் பெட்டிக்குள் தனியாக ஓர் ஆளை வேலைக்கு வைக்கிற மாதிரியாம். புதுசு பதினாறாயிரம் ஆகும். பழசு ஆறேழாயிரத்துக்குக் கிடைக்கும். ஆனால் ஜாக்கிரதை, யாராவது வருசக்கணக்கில் ராப்பகலாக ஓட்டித் தேய்த்த கார்டைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்றுவிடுவார்கள் என்றும் எச்சரித்தார்.

இதில் என் விளையாட்டு மட்டும் அடங்கியிருக்கவில்லை. குளியலறைக்குச் சுடுதண்ணி ஹீட்டர் வாங்க அம்மா பணம் சேர்த்து வைத்திருந்தாள். மார்கழியில் எங்கள் ஊர்த் தண்ணீர் தேள் மாதிரி கொட்டும். புதுக் கார்டு வாங்கினால் ஹீட்டர் இல்லை. பழைய கார்டு வாங்கினால் மிச்சத்தில் ஹீட்டரும் வரும். பழைய கார்டு ஏமாற்றிவிட்டால்? அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். "கெட்டுப்போச்சுன்னா வேற வாங்கறதுக்கெல்லாம் இல்ல. அந்தப் பெட்டியவே ஈயம் பித்தாளைக்காரனுக்குப் போட்டுட்டு நான் ஹீட்டருக்கு மறுபடி சேக்கறேன்."

நான் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

அப்பா எதையும் ஏழு தரம் யோசிப்பவர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவர் ஆழம் தெரிந்த பிறகும் விடமாட்டார். மாமா நேர் எதிர். "கெழ மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ண தடவறவன நான் எத்தன சந்தையில பாத்திருக்கேன், மச்சான். பல்லப் புடிச்சுப் பாத்தா தெரிஞ்சுபோகுது" என்றார். கார்டுக்குப் பல் எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டார். மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. தம் போனில் ஒரு விளம்பரத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். அடிவாரத்தில், குப்பனூரில், பேக்கரி வைத்திருக்கிற ஒரு குடும்பத்துப் பையன் கார்டை விற்கிறான். ஏழாயிரம்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் மலையிறங்கினோம். அப்பா சட்டைப் பையில் துண்டுச்சீட்டில் ஏழு கேள்விகள் எழுதி வைத்திருந்தார். எப்போது வாங்கியது, பில் இருக்கிறதா, ரிப்பேர் ஆனதா என்று வரிசையாகப் போய் ஏழாவது, "நல்லா இருந்தா ஏன் விக்கிறீங்க?" அந்த அண்ணன் கல்லூரி முடித்த வயசு, கையெல்லாம் மைதா. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ரிப்பேர் கேள்விக்கு மட்டும், "கடையில குடுத்துப் பாத்ததே இல்லீங்க" என்றார். அப்பா அதற்கு நேரே ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

பிறகு மாமாவின் முறை. மாட்டை ஓடவிட்டுப் பார்க்காமல் பிடிக்கக் கூடாது என்று, அந்த அண்ணனுடைய கம்ப்யூட்டரிலேயே என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பஸ் ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். வளைவுகளில் படம் வெண்ணெய் மாதிரி திரும்பியது. ஒரே ஒரு பயணிகூடச் சாகவில்லை. பெட்டியின் மேல் கைவைத்துப் பார்த்த மாமா வெடுக்கென்று கையை எடுத்தார்.

"என்னப்பா, தோசக்கல்லு மாதிரி சுடுது?"

"கொஞ்சம் சூடாகுமுங்க. அதுக்குத்தான் வெல கம்மியாச் சொன்னனுங்க."

அவ்வளவுதான். மாமா உதட்டைப் பிதுக்கினார், தலையை ஆட்டினார், எழுந்து செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார். ஏழாயிரம் ஐயாயிரத்து ஐநூறாக இறங்கியது. ஒரு மாசத்துக்குள் எதுன்னாலும் எடுத்துக்கொண்டு வாங்க, பார்த்துக்கொள்ளலாம் என்ற உறுதிமொழியும் கிடைத்தது. பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும்தான் மாமா வாய்விட்டுச் சிரித்தார். "சூடு இந்த ஊருக்குத்தான் மச்சான் கொற. நம்ம ஊருக்கு வரம்!"

வரமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பீரோவில் துணி பூசணம் பிடிக்கும். எல்லாவற்றையும்விட அம்மாவுக்குப் பெரிய கவலை, மாவு புளிக்காது. அடுப்போரம் வைப்பாள், கம்பளி போர்த்துவாள், மாவு கல்லு மாதிரி அப்படியே கிடக்கும். கார்டு வந்த மூன்றாம் நாள், துடைக்கும்போது பெட்டியின் மேல் கைவைத்த அம்மா அப்படியே நின்றாள். அன்று சாயங்காலம் மாவுப் பாத்திரம், எங்கள் ஊர்ப் பேச்சில் போசி, பெட்டிக்கு மேல் ஏறியது. மறுநாள் காலை இட்லி பஞ்சு மாதிரி வந்தது.

அதற்கப்புறம் என் வாழ்க்கையே மாறிவிட்டது. விளையாடியது போதும், படி என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வாய், "சாமி, மாவு வெச்சிருக்கேன், ஒரு ரெண்டு மணி நேரம் பஸ் ஓட்டு" என்று கெஞ்சியது. சும்மா பெட்டியைப் போட்டு வைத்தால் சூடு போதாது; மலையேற்றம்தான் வேண்டும் என்று அம்மாவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். "நேர் ரோட்டுல போகாத கண்ணு, வளைவு இருக்கற பக்கம் போ." அத்தையும் தன் மாவைக் கொண்டுவந்து வைத்தாள். ஊரில் இப்படி வேலைக்காக விளையாடிய பிள்ளை நான் ஒருத்திதான் இருந்திருப்பேன். ஹீட்டரும் வந்தது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே மாசத்தில் வந்துவிட்டது.

இருபத்திரண்டாவது நாள் சனிக்கிழமை. மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து ஃபாதர் காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அம்மா போசியின் கழுத்துவரை மாவை ஊற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள். நான் புதிதாகக் கிடைத்த ஒரு பாதையில், மழையில், முழு லோடு பயணிகளோடு ஏறிக்கொண்டிருந்தேன். மூடி மெல்ல உயர்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. பொங்குகிறது என்றும் தெரிந்தது. ஆனால் இன்னும் மூன்றே வளைவுதான் பாக்கி. முதல் வளைவைத் தாண்டினேன். இரண்டாவதைத் தாண்டினேன். மூன்றாவதில் பெட்டிக்குள் சொர்ரென்று ஒரு சத்தம் வந்தது, தோசை ஊற்றினாற்போல. திரை இருட்டானது. வீடெல்லாம் கருகிய உளுந்து வாசனை.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "நாந்தான் நெறைய ஊத்திட்டேன்" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மாமா வந்து பார்த்தார். மாசம் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறதே என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வேதவாசகம் படிக்கிற அப்பா, எஸ்டேட்டில் ஒரு காப்பிக்கொட்டைகூடச் சட்டைப் பையில் போட்டு வராத அப்பா, அந்தத் துண்டுச்சீட்டை எடுத்து ஏழு கேள்விகளையும் மறுபடி படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எதுன்னாலும் எடுத்துட்டு வாங்கன்னுதானே அந்தத் தம்பி சொன்னாரு. எதுன்னாலும்னா, மாவும் அதுல ஒண்ணுதானே மாப்ள?"

அம்மா பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கார்டைத் தேய்த்தாள். மாமா ஊதி ஊதிக் காயவைத்தார். பார்வைக்குப் பளபளவென்று ஆகிவிட்டது. கொம்பு சீவி எண்ணெய் தடவியாயிற்று. திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா பஸ்ஸில் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். "நீ அங்க வாயத் தொறக்கக் கூடாது."

பேக்கரிக்குப் பின்னால் அவர்கள் வீடு. அண்ணன் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். அப்பா கார்டை நீட்டி, "தானா நின்னுபோச்சு தம்பி" என்றார். அவர் அதற்குமுன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. நாக்கில் முள் குத்தின மாதிரி சொன்னார். அந்த அண்ணன் பில் எங்கே, என்ன செஞ்சீங்க என்று ஒன்றுமே கேட்கவில்லை. "அதுக்குள்ளீங்களா?" என்று மட்டும் முணுமுணுத்தார்.

உள்ளேயிருந்து அவருடைய அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கார்டைப் பார்த்தார்.

"ஏன்டா, இது அன்னிக்குச் செத்துப்போச்சுன்னு வர்க்கித் தட்டுல வெச்சு அடுப்புல சுட்டியே, அதுதானே? இதையா இவுங்களுக்கு வித்த?"

அண்ணனின் முகம் மைதாவைவிட வெளுத்தது. விசயம் இதுதான். செத்த கார்டை அளவான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால், உள்ளே விட்டுப்போன ஈயம் சில சமயம் மறுபடி ஒட்டிக்கொண்டு சில மாசம் உயிர் பிடித்து ஓடுமாம். கடையில் கொடுத்துப் பார்க்கவில்லை என்றது பொய்யில்லை. தங்கள் சொந்த அடுப்பில்தான் சுட்டிருந்தார்.

மாமாவின் மார்பு நிமிர்ந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா கார்டை மூக்கருகே கொண்டுபோய், "இதென்ன புளிச்ச வாட?" என்றபடி, தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி ஓர் இடுக்கில் விட்டுச் சுரண்டினார். வெள்ளையாக ஒரு பொருக்கு வந்தது. விரலில் நசுக்கிப் பார்த்தார்.

"உளுந்து கொஞ்சம் தூக்கலுங்க."

திறந்த வாயை மாமா மூடிக்கொண்டார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். அங்கே இரண்டு பக்கமும் கொட்டியிருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, வாய்ல என்ன வெச்சிருக்க, இப்படி இறுக்கி மூடிட்டிருக்க?" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

கடைசியில் அந்த அண்ணன்தான், "பன்னு எறக்கினதும் இன்னொருக்கா வெச்சுப் பாக்கட்டுங்களா?" என்றார். அப்பா உடனே, "பாருங்க தம்பி, பாருங்க" என்றார். அரை மணி நேரம் எல்லாரும் மழையைப் பற்றியும் மிளகு விலையைப் பற்றியும் பேசினார்கள். காப்பி வந்தது. "உங்க ஊருக் காப்பி மாதிரி வராதுங்க" என்றார் அந்த அம்மா. "உங்க பன்னு மாதிரி எங்க ஊருல கிடைக்காதுங்க" என்றார் மாமா. கார்டு அடுப்பிலிருந்து வந்தபோது பொரித்த வடை வாசனை அடித்தது. ஆறியபின் மாட்டிப் பார்த்தார்கள். படம் வந்தது. என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். வேறு யாரும் தட்டவில்லை.

பணத்தைப் பற்றி ஒருவரும் வாயெடுக்கவில்லை. கிளம்பும்போது அந்த அண்ணன் கார்டோடு ஒரு பை நிறையச் சூடான பன்னும் கொடுத்தார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு, அடுத்த தரம் வரும்போது காப்பித்தூள் கொண்டுவருவதாகச் சொன்னார். வர்றோமுங்க, வாங்க, போயிட்டு வர்றோமுங்க, பாத்துப் போங்க என்று அந்த விடைபெறல் வாசலிலேயே ஐந்து நிமிசம் நடந்தது.

பஸ் மலையேறத் தொடங்கியதும் நான், "அந்த அண்ணன் நொம்ப நல்லவரு, இல்லீங்களா மாமா?" என்றேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆமாங்கண்ணு" என்றார். அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு, "நொம்ப நல்லவங்க" என்றார். நல்ல மனுசங்க ரெண்டு பேர் சந்தித்துக்கொண்டால் இப்படித்தான், ஒரு சத்தமும் இல்லாமல் பிரிவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தபடி, நான் இரண்டாவது பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.