மாட்டு வேகத்தில் ஓர் அமெரிக்கக் கார்

இந்த ஊரில் காரில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். இறங்கப்போகும் இடம் வேறு ஊர் என்பது ஏறும்போது ஒருவருக்கும் தோன்றுவதில்லை. சேலம் கடைத்தெருவில் வெறுங்காலோடு இறங்கி, தரை சுடுகிறதென்று என்னைக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. வந்த புதிதில் சொல்லிப் பார்த்தேன். மெத்தை போட்ட இடத்துக்குள் செருப்போடு போவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்து வழக்கம் என்று சொல்லி என் ஊரின் மானத்தை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இலங்கையிலிருக்கும் நண்பர்களும், என்னைப் போலப் பிழைப்புக்காக இக்கரைக்கு வந்தவர்களும், இந்தக் காரின் ஓட்டம் எப்படி, சொகுசு எப்படி என்று கேட்கிறார்கள். முதலில் நான் இங்கே வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அட்டன் மலைத் தோட்டத்தில் ஒரு தேயிலைத் துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வாங்கியபோது காரையும் என்னையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். பிறகு சீமைக்கே திரும்ப நினைத்து, காரை மல்லசமுத்திரத்துப் பெரிய பண்ணையக்காரரான பெரியகவுண்டருக்கு விற்றார். மாற்று டயர், காற்றடிக்கும் பம்பு, ரப்பர் குமிழ் வைத்த ஹாரன், நான் என்று எல்லோரும் காரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டோம். மற்றவை இந்த ஊரோடு சீக்கிரம் ஒத்துப்போய்விட்டன.

கார் வந்திறங்கிய அன்று ஊரே கூடிப் பரிசோதித்தது. மாட்டுச் சந்தையில் பழகிய கண்களல்லவா! ஒருவர் பானட்டின் மேல் ஓங்கித் தட்டிவிட்டு, அது மிரளாமல் நின்றதில் திருப்தியடைந்தார். இன்னொருவர் முன்விளக்குகள் அகலமாக அமைந்திருப்பது நல்ல இலட்சணம் என்றார். சுழி எங்கேயாவது தப்பாக இருக்கிறதா என்று அடிவயிறு வரை குனிந்து பார்த்தவர்களும் உண்டு. ஆறு சிலிண்டர், ஏழு பேர் தாராளமாக உட்காரும் இடம், நடுவில் மடக்கி விரிக்கும் இரண்டு இருக்கைகள் என்று நான் வரிசையாகச் சொன்னேன். பெரியகவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பின் மெத்தையின் நடுவில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதோடு கார் நிறைந்துவிட்டது.

எப்படி என்கிறீர்களா? அப்பாவுக்குச் சமமாக மகன் உட்காரக்கூடாது. முன்னால் உட்கார்ந்தால் அப்பாவுக்கு முதுகைக் காட்டியதாகும். ஆகையால் மீசை வைத்த மகன் முத்துசாமி புட்போர்டில் நின்றுகொண்டு வருவான். மாமனார் எதிரில் மருமகள் உட்காரும் பேச்சே கிடையாது. மருமகள் உட்கார முடியாத இடத்தில் மாமியார் மட்டும் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? எனவே பெண்கள் எல்லோரும் கூண்டு வண்டியில் பின்னால் வருவார்கள். பெண்களை வழியில் தனியே விட்டுவிட்டுக் கார் முந்திப் போவது கௌரவமில்லை. ஆக, அமெரிக்காவில் செய்த இந்தப் பெரிய கார், கோயிலுக்கானாலும் கல்யாணத்துக்கானாலும் இரண்டு காளைகளின் நடைக்கு ஏற்பவே ஓடியது. ரேடியேட்டர் கொதிக்கும். கண்ணில் பட்ட கிணற்றிலெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவோம். அதற்குள் பின்னால் வரும் காளைகள் எங்களைப் பிடித்துவிட்டு, பெருமூச்சு விட்டபடி காத்திருக்கும்.

அட்டனில் இதே பின் மெத்தையில் துரையின் நாய் உட்கார்ந்து வரும். நாய்க்குக் குளிர் தாங்காதென்று கம்பளி வேறு. நான் மழையில் நனைந்துகொண்டு அதற்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறேன். அப்போது துரைமார்களின் நாகரிகத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வரும். இங்கே வந்தபின், யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் எனக்குக் குழப்பம் ஏற்பட்டுவிட்டது.

போன மாதம் ஒரு பகல். முத்துசாமியின் மனைவி பாவாயிக்கு முந்தின நாளே வலி எடுத்திருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி என் கையில் ஒன்றுமில்லை, சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். கார் உடனே தயாராக வேண்டும் என்று பெரியகவுண்டர் உத்தரவிட்டார். பரவாயில்லை, அவசரத்துக்கு உதவத்தானே வாங்கினார் என்று நினைத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். பெரியகவுண்டர் வந்து பின் மெத்தையில் ஏறிச் சம்மணம் போட்டார். முத்துசாமி புட்போர்டில் ஏறினான். பாவாயியைக் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தார்கள். ஒருவருக்கும் அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. கெட்ட மனம் படைத்தவர்களும் இல்லை. மாமியார் அழுதுகொண்டிருந்தாள். காருக்குப் பின்னால் வண்டி வரும் என்பது அவர்களுக்கு அத்தனை பழகிவிட்டிருந்தது.

வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். நான் கியரைப் போட்டு ஊர்ந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் ஹாரனோடு வந்த ஆளுக்கு வாய் ஏது? ஊர் எல்லை தாண்டுமுன்பே பின்னாலிருந்து பாவாயியின் குரல் கேட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் காதில் அவள் குரல் விழுந்ததில்லை. அப்போதும் அவரிடம் பேசவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, காரை நிறுத்துங்க. உங்க மொதலாளிகிட்டச் சொல்லுங்க. நாஞ் சாவோணும்னா ஊட்டுலயே செத்துக்கறேன். இந்தக் காருக்குப் பொறத்தால ஊந்துக்கிட்டே சாவ மாட்டேன்."

நிறுத்தினேன். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வேலையிருக்கவில்லை. பெரியகவுண்டர் போட்டிருந்த சம்மணத்தைப் பிரித்தார். பிறகு இறங்கினார். பெண்கள் அவளைத் தூக்கிவந்து பின் மெத்தையில் கிடத்தினார்கள். மாமியாரும் மருத்துவச்சியும் மடக்கு இருக்கைகளை விரித்து உட்கார்ந்தார்கள். பெரியகவுண்டர் வண்டியில் வருவார் என்று நினைத்தேன். அவரோ மகனுக்கு எதிர்ப்பக்கத்துப் புட்போர்டில் ஏறி, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மருமகளைப் பார்த்துவிடாமல் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உடு சாமி" என்றார்.

எங்கள் ஊரில் கோயிலில் இருப்பவர்தான் சாமி. இங்கே யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தும், யாரைச் சொல்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கியரைப் போட்டேன். நண்பர்களே, நீங்கள் கேட்ட காரின் ஓட்டத்தை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். ஆட்டையாம்பட்டியைப் புழுதியாகத் தாண்டினோம். எஞ்சின் ஒருமுறை கூட இருமவில்லை. பள்ளங்களில் ஸ்பிரிங் தாய் போலத் தாங்கிக்கொண்டது. பெரியகவுண்டரின் தலைத்துண்டு பறந்து எங்கோ விழுந்தது. குடுமி அவிழ்ந்து காற்றில் ஆடியது. மெதுவாகப் போ என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் குனிந்து, இன்னும் வெரசாப் போகுமா என்று கேட்டார். போகும் என்றேன். போனது.

அந்த ஓட்டத்தினூடே எனக்கு என் மனைவியின் நினைவு வந்தது. சித்திரைக்கு ஊர் போய் வந்தவன் நான். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் அவளுக்கும் பிள்ளை பிறக்க அதுதான் மாதம். அங்கே எங்கள் வீட்டு வாசலில் காரும் கிடையாது, காரோட்டியும் கிடையாது. அந்த நினைவை அழுத்துவதற்காக ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் பாவாயியை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்த நர்ஸ் எந்த ஊர் என்று என்னிடம் கேட்டாள். மல்லசமுத்திரம் என்றேன். பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சாக இல்லையே என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புழுதி அப்பிய முகத்தோடு சுவரோரம் நின்றிருந்த பெரியகவுண்டர் முந்திக்கொண்டு பதில் சொன்னார்:

"எங்கூட்டு ஆளுதானுங்க."

பொழுது சாயும் நேரத்தில் உள்ளேயிருந்து பிள்ளை அழும் சத்தம் வந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்றார்கள். முத்துசாமி தரையில் உட்கார்ந்து அழுதான். பெரியகவுண்டர் அங்கேயே நின்றபடி திருச்செங்கோட்டு மலைக்கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கையைக் கூப்பிக்கொண்டு அவரோடு அந்தத் திசைக்கே திரும்பினேன். என் சாமிகளும் என் மனைவியும் தெற்கே கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. கூப்பிய கையைப் பிரிக்காமல், மெல்லத் தெற்கே திரும்பி நின்றேன்.