கண் மூடாத தையல்காரர்

அந்தத் தையல்காரரைப் போல ஒரு தொடைநடுங்கியை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். காற்றில் கதவு அடித்தாலே ஊசியை விரலில் ஏற்றிக்கொள்கிற மனிதர். அவரைப் பிடித்துத்தான் ஜெபக்கூட்டத்துக்குக் காவல் வைத்தார்கள். பயந்தவனுக்குத்தானே காது கூர்மை!

அவர் கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஞாயிறு மதியம் சபை அங்கேதான் கூடும். இனிமேல் கூடினால் உயிர் தங்காது என்று சில பேர் வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் ஓர் ஏற்பாடு. முன்கடையில் அவர் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் கேட்கும்வரை உள்ளே ஜெபம் நடக்கும். சத்தம் நின்றால் எல்லோரும் பின்கதவு வழியாக ஓடிவிட வேண்டும்.

வருஷக்கணக்கில் இதே வேலை. மற்றவர்கள் கண்மூடி உருகும்போது இவர் மட்டும் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“நானெல்லாம் ஒரு விசுவாசியா? ஒருநாளாவது கண்ண மூடி ஜெபம் பண்ணியிருக்கேனா?” என்று மனைவியிடம் புலம்புவார்.

“சாகுற வரைக்கும் உண்மையா இருந்தா ஜீவகிரீடம்னுதான் வேதத்துல இருக்கு. கண்ண மூடினாதான் தருவேன்னா இருக்கு?”

“அந்த ‘சாகுற வரைக்கும்’தான்டி வயித்தக் கலக்குது!”

ஒரு ஞாயிறு, மிரட்டிவிட்டுப் போனவர்கள் வந்தேவிட்டார்கள். கையில் தடிகளோடு தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் இவருக்கு உயிரே போய்விட்டது. மிஷினை நிறுத்த வேண்டும். கால் நின்றால்தானே! நடுங்கிய நடுக்கத்தில் அது தானாக மிதித்தது. மிஷின் முன்னைவிட வேகமாக ஓடியது. உள்ளே பாட்டும் உற்சாகமாக ஏறியது. ஐயோ, என் காலே எல்லாரையும் கொன்னுடும் போலிருக்கே என்று பதறி, ஓடுகிற பெல்ட்டை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. சக்கரம் நின்றது. பாட்டும் நின்றது.

பின்கதவுத் தாழ்ப்பாள் இன்னும் திறந்தபாடில்லை. அதற்குள் அவர்கள் கடைக்குள் நுழைந்துவிட்டார்கள். இவர் எழுந்து அறை வாசலை மறித்து நின்றார்.

“நீயும் அவங்க ஆளா? இல்லன்னு சொல்லிட்டு ஓடிடு.”

‘இல்லை’ என்று ஒரே ஒரு சொல் சொன்னால் வீடு போய்ச் சேரலாம். முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் மெல்லக் கிறீச்சிட்டது.

“ஆமாங்க, நானும்தாங்க” என்றார். அடிக்க வந்தவனுக்கும் ‘ங்க’ போட்ட புண்ணியவான்!

உள்ளே இருந்த அத்தனை பேரும் தப்பினார்கள். இவருடைய இடது கால்தான் தப்பவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, வேறொரு வீட்டில் கூட்டம். மிஷினையும் அங்கே தூக்கி வந்திருந்தார்கள். ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தால், ஸ்டூலில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள்.

“உள்ள போங்க. இனிமே இது என் வேலை.”

“உனக்குப் பயமா இல்லையா?”

“பயத்துல செத்துக்கிட்டிருக்கேன். போய்க் கண்ண மூடுங்க.”

உள்ளே போய் உட்கார்ந்தார். மிஷின் ஓடத் தொடங்கியது. கண்ணை மூடினார். தெருவில் யாரோ செருப்புச் சத்தத்தோடு வருவது கேட்டது. உடம்பு முழுக்க வெடவெடத்தது. கண்ணை மட்டும் அவர் திறக்கவில்லை.