பொட்டு வைக்காமல் விட்டவள்

ஈரச் சந்தனம் கண்ணாடியில் படும்போது ஒரு குளிர்ந்த மணம் வரும். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுச் சாமிப் படங்களைத் துடைத்துப் பொட்டு வைத்தவள் நான்தான். எங்களைப் பெற்ற ஐயா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் சமையல்காரராக இருந்தவர். துரை தன் நாட்டுக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பெரிய படமொன்றையும் அதே சுவரில் கொழுவினார். பாலைவனத்தில் கறுப்புக் கூடாரங்கள், படுத்திருக்கும் ஒட்டகங்கள், துவக்கு என்னும் நீளத் துப்பாக்கி பிடித்த ஐந்து ஆண்கள், காய்ந்த இரத்த நிறத்தில் வானம். ஓரத்தில் ஒரு பெண், கண் மட்டும் தெரிய முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, எங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்தபடி நின்றாள்.

"இஞ்சாரும், அது சாமியில்லை. கூடாரம் அடிச்சுத் திரியிற சனம்," என்று ஐயா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆரெண்டு தெரியாது, வீட்டுக்கு வந்திட்டினம். ஒருத்தரையும் விடாமல் வை பிள்ளை," என்றார் அம்மா.

நான் யாரிடமும் வாய்திறந்து எதையும் கேட்காத பிள்ளை. நெற்றி தெரியாத அந்தப் பெண்ணுக்கு எங்கே பொட்டு வைப்பதென்று கேட்க வெட்கப்பட்டு, அவளை மட்டும் விட்டுவிட்டேன். இரண்டு நாளில் தங்கச்சி செல்விக்கு நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபாய்டு கண்டது. அவள் பாயில் கிடந்து, அந்தப் படத்தைப் பார்த்து, "அவ என்னைக் கூப்பிடுறா" என்று பிதற்ற, அம்மா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாருக்கும் வைச்சனியோ?"

"ஓம்."

அன்றே அம்மா படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டார். இனிப் பொட்டு வைக்கவும் வழியில்லை, உண்மையைச் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. படத்தின் முதுகுப் பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அந்தப் பக்கம் அவள் இன்னும் காத்துக்கொண்டுதான் நிற்கிறாள் என்று ஓடிவிடுவேன். பதினோராம் நாள் மத்தியானம் செல்வி போய்விட்டாள். அவளுக்கு ஐந்து வயது.

நான் ஊரைவிட்டு ஜேர்மனிக்கு, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிப் பதினெட்டு வருடமாகிறது. போன மாதம் நாங்கள் இருக்கும் எசன் நகரில் டொக்டரிடம் போனபோது, மகள் எனக்காக ஒரு தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்கட கூடப்பிறந்தவையில ஆரும் சின்ன வயசில செத்தவையோ?"

"ஒரு தங்கச்சி."

அவள் பேனையை நிறுத்தினாள். "எனக்கொரு சின்னம்மா இருந்தவவோ? ஒருநாளும் சொல்லேல்லையே. என்ன வருத்தம்?"

"காய்ச்சல்," என்றேன். அதுவும் உண்மைதான்.

ஊரில் அந்த வீடு சண்டையில் ஷெல் குண்டு விழுந்து போயிற்று, படமும் அதோடு போயிற்று. அம்மாவும் என்னை இன்னொரு தரம் கேட்காமலே கண்ணை மூடிவிட்டார். செல்வியை யாரும் படம் பிடித்ததில்லை. மகள் அந்தத் தாளில் காய்ச்சல் என்று ஜேர்மன் மொழியில் எழுதினாள். பெயர் எழுத அதில் இடமிருக்கவில்லை.