கல்லுக்கடியில் களிமண்

குன்னூரில் ஒரு விடுதி கட்டும்போது நான் சைட் இன்ஜினியர். கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் பைல் அஸ்திவாரத்துக்குத் துளை போட வந்தவர் ஒல்லியானவர். காதுவரை கம்பளித் தொப்பி. மேலே வரும் மண்ணை ஒவ்வொரு தடவையும் விரலில் தேய்த்துப் பார்ப்பார்.

ஒரு மூலையில் இருபதடியில் பாறை தட்டியதும், "போதும்" என்றேன்.

"இது உருண்டைக் கல்லுங்க சார். அடியில களிமண்ணு இருக்கும். இன்னும் போகோணுங்க."

"எனக்குத் தெரியாதா? மெஷினைக் கழட்டுங்க!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

கட்டி முடித்த பிறகு வந்த மழையில் அந்த மூலை இறங்கிச் சுவர் பிளந்தது. விடுதி முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். "பாறைன்னு இவர்தான் சொன்னார்" என்றேன். துளை போட்டவர் என்னைப் பார்த்தார், மறுக்கவில்லை.

வெளியே வந்ததும், "அந்த மூலை ரூம்ல யாரையும் தங்க வெக்காதீங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுகூட நான் உள்ளே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லவில்லை.