குறிஞ்சாத் தூளும் அப்பாவின் சிவப்புப் பேனையும்

அப்பா இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருந்தால், அட்டைப் படத்தைப் பார்க்குமுன் சிவப்புப் பேனையைத்தான் தேடியிருப்பார். அச்சில் வந்தது எதையும் அவர் சும்மா நம்பியதில்லை. அவருடைய ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி எழுத உட்காரும்போது, எங்கே பிழை விட்டுவிடுவேனோ என்று எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

வடமராட்சியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக அப்பா பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, சகோதரங்களைப் படிப்பித்து, தானும் படித்து, அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். யுத்த காலத்தில் மருந்து லொறி மாதக் கணக்கில் வராது. வரிசையில் நிற்கும் சனத்தை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், மல்லியை அவித்துப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். ஆனால் போத்தலில் "மல்லித் தண்ணி. மருந்து இல்லை" என்று எழுதி ஒட்டிவிடுவார்.

அங்கிருந்த டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. "இருமல் மருந்தெண்டு எழுதிவிடுங்கோ. நம்பிக் குடிச்சால் அரைவாசி வருத்தம் போயிடும்" என்றாராம். "பொய் லேபிள் என்ரை கையாலை ஒட்டமாட்டன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டொக்டர்மார் சொல்வதை அவர் இரண்டு தரம் யோசிக்காமல் ஏற்றதில்லை. அதற்காக நாட்டு வைத்தியர்களைக் கும்பிட்டார் என்று நினைக்க வேண்டாம். "இலையைக் காட்டாமல் தூளை மட்டும் தாறவன் கள்ளன்" என்பார்.

அம்மா காலமான பிறகு அப்பா நாடு விட்டு, இங்கே பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கிழமைக்குள் குசினியில் இருந்த போத்தல்கள் எல்லாவற்றிலும் லேபிள் ஏறிவிட்டது. மிளகாய்த்தூள் போத்தலில் "கடையில் வாங்கியது, மகள் இடித்ததல்ல" என்று எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் வாசித்துச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தது. டொக்டர் தந்த குளிசையோடு, காலையில் ஒரு கரண்டி குறிஞ்சாத் தூளும் குடிப்பார். குறிஞ்சா, எங்கள் பக்கத்தில் சீனி வருத்தக்காரர் தேடிச் சாப்பிடும் கசப்பு இலை. தமிழ்க் கடையில் வாங்கிய முதல் பைக்கற்றை வெள்ளைத் துணியில் அரித்து, மிஞ்சிய தும்பு தூசியைக் கடைக்காரரிடமே கொண்டுபோய் நீட்டினார். "தம்பி, பாதி குறிஞ்சா. மற்றப் பாதி என்னெண்டு நீர் சொல்லும்." அதன் பிறகு, காய்ந்த இலையாகவே தேடி வாங்கித் தானே இடித்தார்.

நான் ஒரு மெடிக்கல் சென்ரரில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒருநாள் ஓர் அங்கிள் கசாயப் போத்தலைக் கொண்டுவந்து காட்ட, எங்கள் தமிழ் டொக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார்: "உதிலை சுகர் போகுமெண்டால் நான் இந்த சென்ரரைப் பூட்டிப்போட்டு வீட்டை போகவேணும், அங்கிள்." காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அங்கிள் பிறகு எங்களிடம் வரவேயில்லை.

அந்தச் சிரிப்பு என் மனதில் இருந்த காலத்தில்தான், வெஸ்ட்மீட்டில் ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் அப்பாவைக் கூட்டிப்போனேன். அவர் வெள்ளைக்காரர், வயதானவர். அப்பா ஆங்கிலத்தைத் தண்ணீர் பட்ட பாடாக வாசிப்பார். ஆனால் இங்குள்ளவர்கள் வேகமாகப் பேசுவது அவருக்குப் பிடிபடாது. ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். வேறு மருந்து, இயற்கை மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று டொக்டர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஓம். குறிஞ்சாத் தூள், காலமை ஒரு தேக்கரண்டி. சொல்லு பிள்ளை."

நான் டொக்டரைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஆட்களின் இலை குழையைச் சொல்லி இந்த மனிதர் முன்னால் சிரிப்புக்கிடமாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு காரணமே இல்லை.

"சொன்னனியே?" என்று அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா."

டொக்டர் குளிசையைக் கூட்டினார். தூளும் குளிசையும் சேர்ந்தன. இரண்டு கிழமையில் அப்பா குசினியில் விழுந்தார். சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டது என்றார்கள் அம்புலன்ஸ்காரர். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். முதல் பொய் பிடிபட்டுவிடும் என்ற பயத்தில் நான் மறுபடியும் இல்லை என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அடுத்த தவணைக்கு ஸ்பெஷலிஸ்டிடம் போனபோது அப்பா என்னை உள்ளே விடவில்லை. "நீ வெளியிலை இரு பிள்ளை. மொழிபெயர்க்கப் போனிலை ஆள் பிடிச்சுத் தருவினமாம், இண்டைக்கு நான் கதைக்கிறன்." அரை மணித்தியாலம் வெளியே இருந்தேன். என்னைப் பற்றிக் கோள் சொல்கிறாரோ என்றுதான் சந்தேகப்பட்டேன். வெளியே வந்தவர், "குளிசையைப் பாதியாக்கிப்போட்டார். தூளை நிப்பாட்டச் சொன்னார். குறைக்கிறன் எண்டன்" என்றார்.

"வேறை என்ன கதைச்சனீங்கள்?"

"ரெண்டு கிழவருக்குக் கதைக்க இல்லாததே?"

அதன் பிறகு அப்பா விழவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தார். போன வருடம் ஒரு காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கதிரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மரணவீட்டுக்கு மெல்பேர்னிலிருந்து வந்த தம்பி, அப்பா விழுந்தபோது தந்த ஆஸ்பத்திரிக் கடதாசிகளைப் பார்த்தான். "இயற்கை மருந்து எதுவும் இல்லை" என்று அதில் இருந்தது. "அக்கா, டொக்டர்மாருக்கு ஒளிச்சுக் குடிச்சிருக்கிறார். அந்தத் தூள்தான் அப்பாவைத் திண்டது" என்று அழுதான். அது வாய்க்கு வாய் பரவியது. வாழ்நாள் முழுக்கப் போத்தலுக்குப் போத்தல் உண்மை எழுதி ஒட்டிய மனிதர், கள்ளமாய் மருந்து குடித்துச் செத்தவர் என்று பெயர் எடுத்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிழமை ஒன்று கழித்து, அப்பாவின் அடுத்த தவணையை நீக்கச் சொல்லி ஸ்பெஷலிஸ்டின் கிளினிக்குக்கு அழைத்தேன். சில நாளில் அவரிடமிருந்து அனுதாபக் கடிதம் வந்தது. இலைகளில் தனக்கு அன்றும் நம்பிக்கையில்லை, இன்றும் இல்லை என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். அப்பாவின் இருதயத்துக்கும் அந்தத் தூளுக்கும் தொடர்பிருப்பதாகத் தான் நினைக்கவில்லை என்றும், அப்பா எழுதித் தந்த தாளைப் பார்த்துத்தான் குளிசையைக் குறைத்ததாகவும் எழுதி, அந்தத் தாளின் கலர்ப் பிரதியையும் வைத்திருந்தார்.

அப்பா லேபிளுக்கு எழுதும் அதே குண்டு எழுத்து. ஆங்கிலத்தில் இலையின் பெயர், அளவு, இடித்த விதம், குடித்த நேரம் எல்லாம் இருந்தன. முதல் தவணைக்குப் பிறகு டொக்டர் வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தை அப்பா அதனோடு பின் குத்தி இணைத்திருந்தார். "இயற்கை மருந்து எடுப்பதில்லை" என்ற வரியின் கீழே சிவப்புக் கோடு. அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தாளின் அடியில் இப்படி முடித்திருந்தார்: "இதை மறைத்தது நான். என் மகளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் டொக்டர்மாரிடம் வேலை செய்கிறவள்."

அப்பாவை வெள்ளிக்கிழமைகளில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போன பக்கத்து வீட்டு அன்ரிக்கும் அங்கிளுக்கும், மரணவீட்டில் எங்கள் குசினியைப் பொறுப்பெடுத்துச் சமைத்த தோழிகளுக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், நேர்மையாய்க் கடிதம் எழுதிய அந்த டொக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தம்பி, உறவுகளே, அப்பா தன் கையால் எழுதிய பொய் லேபிள், அந்தத் தாளின் அடியில் இருந்தது ஒன்றுதான். அதையும் எனக்காக எழுதினார். அதை இங்கே நான் கிழிக்கிறேன். அப்பா ஒளிக்கவில்லை. கேட்ட உடனே சொன்னார். சொல்லாமல் விட்டது நான்.

மகள்